வியாழக்கிழமைக்கு ஒரு வண்டி

நான் ஸ்போர்ட்ஸ் பைக்தான் வாங்கப்போகிறேன் என்று அறிவித்தபோது என் கணவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டையில் நான் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. அவர் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எந்தப் பிரச்சினையையும் கட்டம் போட்டு, பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்துவிட்டால் பாதி தீர்ந்தது என்பது அவருடைய நம்பிக்கை. தண்ணீர் மோட்டாரை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பதுகூட எங்கள் வீட்டில் லேமினேட் ஆகிச் சுவரில் தொங்குகிறது.

நான் ரத்தம் எடுப்பவள். ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருஷமாக அதுதான் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்து உலகத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்களே, அவர்களிடம் கையை நீட்டச் சொல்கிற ஆள். குத்தினதே தெரியவில்லை என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போய் எனக்குக் 'கொசு' என்று பேர் விழுந்துவிட்டது. "கொசுவைக் கூப்பிடு" என்று டாக்டர் சொன்னால், நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் கை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பட்டப்பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பெருமைதான்.

இத்தனை வருஷம் லேப் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஊரின் மறுகோடியில் கட்டியிருக்கும் புதிய கட்டடத்துக்குப் போகிறது. இருபத்தெட்டு கிலோமீட்டர். காலை ஆறே முக்காலுக்கு நான் அங்கே கையுறை மாட்டியிருக்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும், முதல் பஸ் கிளம்புவதே ஆறு மணிக்கு. ஆக, வண்டி வேண்டும். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

எந்த வண்டி என்பதில்தான் தகராறு. பதினேழு வயதில் அண்ணனுடைய பைக்கைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டக் கற்றவள் நான். அப்போதிருந்தே குனிந்து ஓட்டுகிற வண்டி ஒன்றின் மேல் கண். ஆசையை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ஆசை மட்டும் இல்லை. அந்த இருபத்தெட்டில் பதினெட்டு கிலோமீட்டர் லாரிகள் பறக்கிற பெரிய சாலை. சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை ஒரு லாரி தாண்டிப் போனாலே காற்று பக்கவாட்டில் தள்ளும். எனக்குச் சாலையைக் கவ்விப் பிடிக்கிற சக்கரமும், சொன்ன இடத்தில் நிற்கிற பிரேக்கும் வேண்டும். இதையெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கணவர் லேமினேட் செய்த தாளோடு வந்தார். இன்னும் சூடாக இருந்தது. மூன்று கட்டம். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக், சின்ன ஸ்போர்ட்ஸ் பைக், ஸ்கூட்டர். ஸ்கூட்டர் கட்டத்துக்கு மட்டும் பச்சை நிறம் அடித்திருந்தார்.

"இங்க பாரு. மைலேஜ், எடை, சீட்டு உயரம், சாமான் வைக்கிற இடம். நாலுலயும் ஸ்கூட்டர்தான் ஜெயிக்குது."

"சாமான் வைக்க இடம் எதுக்கு? நான் வேலைக்குப் போறேனா, வீடு மாத்தறேனா?"

"மழைக்கோட்டு?"

"முதுகுப் பையில போகும்."

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

"நீங்க எதுக்கு? தினமும் ரத்தம் குடுக்கவா?"

அவருடைய தங்கை, என் நாத்தனார், போனில் தன் பங்குக்கு வந்தாள். "அண்ணி, அதுல கவுந்து படுத்துக்கிட்டுப் போகணுமே. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"அவசரமாப் போறான்னு நினைப்பாங்க" என்றேன். அத்தோடு போனை அவள் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கக்கூட அஸ்திவாரம் போடுகிறவள் என்று அவர் என்னைக் கேலி செய்வது வழக்கம். அன்று கேலி செய்யவில்லை.

"எல்லாம் சரி. உன் கை தாங்குமா?" என்றார். "குனிஞ்சு ஓட்டுற வண்டியில பாரமெல்லாம் மணிக்கட்டுக்குத்தான் வருமாம். விரல் மரத்துப் போகுமாம். மரத்த விரலோட போய் டீச்சருக்கு எப்படி எடுப்பே?"

அவர் அந்தக் கேள்விக்குக் கட்டம் போடவில்லை, லேமினேட்டும் செய்யவில்லை. சரியான கேள்வி என்று அதனாலேயே தெரிந்தது.

டீச்சர் என்பது ஒரு கணக்கு டீச்சர். ஐம்பது தாண்டியவர். மார்பில் புற்றுநோய். வலப்பக்கம் ஆபரேஷன் ஆகிவிட்டதால் வலக்கையில் ஊசி போடவே கூடாது. இடக்கை ஒன்றுதான். மருந்து ஏற்றி ஏற்றி அந்தக் கையிலும் நரம்பெல்லாம் கயிறாக இறுகிவிட்டது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரத்தம் எடுத்துப் பார்த்து, அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அன்றைக்கு மருந்து. ஒரு வாரம் வேறொருவர் ஐந்து முறை குத்தியும் கிடைக்காமல், டீச்சர் வாயைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு நான்தான். இதற்கு மேலும் நரம்பு கிடைக்காவிட்டால் மருந்து ஏற்றவும் ரத்தம் எடுக்கவும் நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சருக்கு அந்தப் பேச்சே ஆகாது. "ஒரு தடவை வெட்டினது போதும்" என்பார்.

இன்னும் மூன்று வியாழக்கிழமைகள் பாக்கி. இரண்டு பழைய கட்டடத்தில், கடைசி ஒன்று புதிய கட்டடத்தில். அந்த ஒன்றுக்காவது என் விரல் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

ஆகவே வண்டியை மைலேஜை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் பரீட்சை வேறு. ஓட்டி இறங்கிய கையோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் கையில் நரம்பைத் தேடுவேன். விரலுக்கு நரம்பு தெரிந்தால் வண்டி பாஸ்.

ஷோரூமில் எங்களை வரவேற்றவர் நாற்பது வயதுக்காரர், நீலக் கலரில் டை கட்டியிருந்தார். நான் மனசுக்குள் அவருக்கு டைக்காரர் என்றே பேர் வைத்துவிட்டேன். "சாருக்கு எந்த மாடல் பாக்கறீங்க?" என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் பிடி கொடுக்காமல் என்னைக் கை காட்டினார். டைக்காரர் கெட்டிக்காரர், ஒரு நொடியில் திரும்பிக்கொண்டார்.

"டெஸ்ட் ரைடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"அந்த முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம் மேடம்."

"முக்கு வரைக்கும் போய்ப் பாத்தா முக்குலதான் வேலை கிடைக்கணும். எனக்கு முக்கால் மணி நேரம் வேணும். காலையில, நெரிசல்ல."

அவர் மேலிடத்தில் கேட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். ஒரே நிபந்தனை, அவர் பின்னாலேயே வருவார். வந்தார், ஸ்கூட்டரில். என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கவனிக்காத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

முதலில் பெரியது. ஹேண்டில்பார் எங்கோ பாதாளத்தில் இருந்தது. மார்பு டேங்கில் படிந்தது. பெரிய சாலையில் ஏறியதும் வண்டி என்னைக் கேட்காமலே பறந்தது. பொய் சொல்ல மாட்டேன், வாய்விட்டுச் சிரித்தேன். ஊருக்குள் நுழைந்ததும் சிரிப்பு போயிற்று. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் தொடையைச் சுட்டது. கிளட்ச் ஜிம் சாமான் மாதிரி கனம். நரம்பு தேடுவது என் இடது ஆள்காட்டி விரல், கிளட்ச் பிடிப்பதும் இடது கை. பன்னிரண்டு சிக்னல். எண்ணினேன்.

திரும்பி வந்து இறங்கியதும் டைக்காரரிடம் "கையை நீட்டுங்க" என்றேன். வண்டி பிடித்துவிட்டது போல என்று நினைத்து மலர்ந்த முகத்தோடு கை குலுக்க நீட்டினார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து அவர் புஜத்தில் கட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், இது எதுக்கு?"

"ஊசி கிடையாது, பயப்படாதீங்க. விரலை முஷ்டியா மடக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். தோல் தெரிந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை. என் விரல் என்னுடையதாகவே இல்லை.

"அங்கதான் நீலமாத் தெரியுதே மேடம்" என்றார் டைக்காரர், உதவி செய்வதாக நினைத்து.

"கண்ணு சொன்னா நம்ப மாட்டேன். விரல் சொல்லணும்."

பெரியது போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டாவது வண்டிதான் என்னைப் படுத்திவிட்டது. அது அதற்குத் தங்கை மாதிரி. அதே குனிந்த தோரணை, ஆனால் ஹேண்டில்பார் ஒரு சாண் மேலே. இரண்டு விரலால் இழுத்தால் வருகிற கிளட்ச். சூடு காலுக்கு வராமல் கீழே போயிற்று. உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் இதுதான் என் வண்டி என்று முடிவே செய்துவிட்டேன். வளைவில் நான் பார்த்த பக்கம் அது போனது. அரை மணி நேரம் கழித்து விரல்நுனி சுள்ளென்றது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். இறங்கி, டைக்காரர் கையைப் பிடித்து, கண்ணை மூடி, மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டதும் "இதோ" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் தொட்டுக்கொண்டிருந்தது நரம்பு இல்லை, பக்கத்தில் ஓடுகிற தசைநார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. அங்கே ஊசியை இறக்கினால் ஆள் கத்துவார், ரத்தம் ஒரு சொட்டு வராது.

டைக்காரருக்கு இதெல்லாம் புரியவில்லை. "கிடைச்சிருச்சா மேடம்? அப்ப புக் பண்ணிடலாமா?" என்றார். நான் ரப்பர் பட்டையை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டேன். முப்பத்தாறு வயதில் ஒரு ஷோரூமில் நின்று அழக்கூடாது என்பதற்காக ஹெல்மெட்டைக் கழற்றாமலே வெளியே வந்தேன்.

வீட்டில் என் கணவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக, "ஸ்கூட்டரையே புக் பண்ணிடவா?" என்றார்.

"வியாழக்கிழமை போகட்டும். வெள்ளிக்கிழமை பண்ணிக்கலாம்."

"பச்சைக் கலர்ல கூட வருதாம்."

"நீங்க பேசாம சாப்பிடுங்க."

வியாழக்கிழமை டீச்சர் வழக்கம்போல ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் பூப்போட்ட துணி. என்னைப் பார்த்ததும், "என்ன கொசு, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? யார் ரத்தத்துல சக்கரை அதிகம்?" என்றார். பேச்சில் தைரியம் இருந்தது. கையில் இல்லை. இடக்கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் சாய்த்திருந்தார். பயந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இருந்த ஒரே நரம்பும் பயத்தில் உள்ளே ஓடிவிட்டது.

"டீச்சர், கையில உட்காராதீங்க" என்றேன். "முதுகை நாற்காலியில விடுங்க. காலை நல்லா ஊனிக்கோங்க. ஊனுற வேலை கைக்கு வேண்டாம். கை சும்மா கெடக்கட்டும்."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வசனம். டீச்சர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். தோள் இறங்கியது. ஒரு நிமிஷத்தில் நரம்பு என் விரலுக்கு வந்தது. என் வலக்கை விளிம்பை அவர் முன்கையில் ஊன்றி, ஊசியை இறக்கி, ட்யூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுத்தருவது ஒன்றே ஒன்றுதான். கையை அந்தரத்தில் வைத்துக் குத்தாதே, எதிலாவது ஊன்று. ஊன்றிய கை நடுங்காது. பதினான்கு வருஷமாக நான் எதைச் செய்தாலும் முதலில் கையை ஊன்றுகிறேன். எழுதும்போது, காய் நறுக்கும்போது, டீ குடிக்கும்போது. வண்டியிலும் அதையேதான் செய்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் என் உடம்பு பூராவையும் அந்த ஹேண்டில்பாரில் ஊன்றி, ஊசி இறக்குகிற மாதிரி மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனுடைய பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்ததால் அப்போது அது தெரியவே இல்லை. வண்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழாத குறையாக வந்திருக்கிறேன். தப்பு என்னுடையது. வண்டியில் என் கை நோயாளியின் கை. அது சும்மா கிடக்க வேண்டும்.

"என்ன சிரிக்கறே?" என்றார் டீச்சர்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். ஒரு வண்டி வாங்கப் போறேன்."

"ஸ்கூட்டரா?"

"ஸ்கூட்டர் இல்ல. நல்லாக் குனிஞ்சு ஓட்டுற வண்டி."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்கினதும் எங்கிட்ட காட்டணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பச்சை ஸ்கூட்டர் புக் ஆகவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு ஷோரூம் வாசலில் நின்றேன். டைக்காரர் என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்.

"அதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றேன்.

அதே சின்ன ஸ்போர்ட்ஸ் பைக். இந்த முறை முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்விக்கொண்டேன். பாரத்தை வயிற்றிலும் தொடையிலும் வைத்துக்கொண்டேன். முழங்கை மடிந்தே இருந்தது. கையில் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிஷம் பழக்கம் விடவில்லை, சிக்னல் வந்ததும் கை தானாக ஊன்றப் பார்த்தது. "கையில உட்காராதே" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தன்னைச் சொல்வதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நெரிசலான மார்க்கெட் தெருவில் இரண்டு முறை வேண்டுமென்றே புகுந்து வந்தேன். வயிறு வலித்தது, தொடை நடுங்கியது. அதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. தொடையால் நான் யாருக்கும் ரத்தம் எடுப்பதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கினேன். டைக்காரர் கையை நீட்டினார். கண்ணை மூடினேன். தொட்ட இடத்திலேயே இருந்தது. மேலே போய், கீழே வந்து, அது இரண்டாகப் பிரிகிற இடம்கூட விரலுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு இந்த இடத்துல நரம்பு கொஞ்சம் வளைஞ்சு போகுது. யாராவது ரத்தம் எடுத்தா மேல எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார் பயபக்தியோடு. "வண்டி?"

"என்ன கலர் இருக்கு?"

அடர்சிவப்பு இருந்தது. என் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான கலர் உண்டா? புதன்கிழமையே வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என் கணவர் சுற்றிச் சுற்றி வந்தார். பின் சீட்டை உள்ளங்கையால் அளந்து பார்த்தார். "இதுல என்னை மடிச்சுத்தான் வைக்கணும்" என்றார். தெருமுனை வரைக்கும் உட்கார்ந்து வந்துவிட்டு, திரும்பி நடந்தே போனார். அன்று ராத்திரி, சுவரில் மாட்டியிருந்த அந்த மூன்று கட்டத் தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார். சர்வீஸ் தேதி, டயரில் காற்று, செயினுக்கு எண்ணெய். கடைசி வரியில் பெரிய எழுத்தில், கையில் உட்காராதே. நான் எத்தனை முறை அதை அவரிடம் சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள், இரண்டாவது வியாழக்கிழமை, பத்து நிமிஷம் நடந்து போகிற தூரத்துக்கு வண்டியில் போனேன். டீச்சர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கீழே போய் ஸ்டார்ட் செய்து இரண்டு முறை முறுக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நல்லாத்தான் உறுமுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கையை நீட்டினார்.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. மூன்று நாள் கடிகாரம் மாதிரி போய் வந்தேன். ஐம்பது நிமிஷம் போக, ஐம்பது நிமிஷம் வர. நான்காம் நாள் வியாழக்கிழமை, பெரிய சாலையில் ஒரு லாரி குறுக்காகக் கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. கிளட்சைப் பிடி, விடு, பிடி, விடு. முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு, கையைச் சும்மா விட்டுக்கொண்டு, ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம். வழியில் இருந்து போன் செய்து தாமதத்தைச் சொன்னேன். எனக்குப் பயம் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

புதிய கட்டடத்து வாசலில் வண்டியை நிறுத்தி மேலே ஓடியபோது லேப் இன்சார்ஜ் வராந்தாவிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் ஹேண்டில்பாரைப் பிடிச்சுட்டு வந்திருக்கே. டீச்சரை வேற யாருக்காவது குடுத்துரட்டுமா? கடைசி மருந்து. இன்னிக்குக் கிடைக்கலேன்னா தள்ளிப் போயிரும். பெட்டி வைக்கணும்னு டாக்டர் மறுபடி ஆரம்பிச்சுருவார்."

"வண்டிதான் சார் ஓட்டினேன். சுத்தியல் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

டீச்சர் இங்கேயும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்திருந்தார். இரண்டு மாதமாகக் கை கொடுத்த நரம்பைத் தொட்டேன். மூடியிருந்தது. உலர்ந்த குச்சி. போன வாரமே அதற்கு முடிவு நெருங்கிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இன்சார்ஜ் கதவோரம் நின்றதைப் பார்க்காத மாதிரி பார்த்தேன். அவர் முகம் சரியில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கை மடிப்பில் ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை. கையைத் திருப்பி, முன்கையின் அடிப்பக்கம், யாரும் தேடாத இடத்தில் மெதுவாக இறங்கினேன். கையுறைக்குள் விரல் விழித்திருந்தது. ஒரு இடத்தில், ஆழத்தில், லேசாக அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே வெறும் தோல். நான் விரலை நம்பினேன். கை விளிம்பை ஊன்றி, ஊசியை இறக்கினேன்.

ட்யூபில் சிவப்பு ஏறியது. ஒரே குத்து.

இன்சார்ஜ் கதவை மூடிக்கொண்டு போனார். நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இன்றைக்கு நான் டீச்சரிடம் அந்த வசனத்தைச் சொல்லவே இல்லை. நான் உள்ளே வந்தபோதே அவர் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, கையைச் சும்மா போட்டுக்கொண்டுதான் இருந்தார். பயந்த கையாக இருந்திருந்தால் அந்த ஆழத்து நரம்பு என் விரலுக்கு எட்டியே இருக்காது.

"இன்னிக்கு நான் சொல்லாமலே கையை விட்டுட்டீங்களே டீச்சர்" என்றேன்.

"லேட்டாகும்னு சொன்னாங்க. வேற யாராவது வந்துருவாங்களோன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "அப்புறம் கீழ உன் வண்டி சத்தம் கேட்டுது."